குஷிங் வந்த நாய்க்கு அரிப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி:

"வணக்கம் டாக்டரம்மா. எங்கள் ஊர் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எங்கள் ரோஸி வெள்ளை பொமரேனியன், பத்து வயது, ஒன்பது கிலோ. ஒரு வருடமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வயிறு பானை மாதிரி தொங்கியது, முடி கொட்டியது. மதுரையில் காட்டி, ரத்தமும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்ததில் குஷிங் நோய் என்றார்கள். இரண்டு மாதமாக ட்ரைலோஸ்டேன் கேப்சூல் கொடுக்கிறோம். தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது. தோல் மட்டும் மோசமாகிக்கொண்டே போகிறது. இரண்டு விலாவிலும் வாலிலும் முடியே இல்லை. வயிற்றில் கரும்புள்ளியும் சீழ்க் கொப்புளமும். பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் கல் மாதிரி இறுகி, ஓரத்தில் நீர் வடிகிறது. ராத்திரியெல்லாம் சொறிகிறாள், முன்பு சொறிந்ததே இல்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கித் தடவினேன். நான்கு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் முன்னைவிட அதிகம். கடலில் குளிப்பாட்டச் சொல்கிறார்கள், எரிந்த எஞ்சின் ஆயில் தடவச் சொல்கிறார்கள். மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. முடி திரும்ப முளைக்குமா?"

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "முன்பு சொறிந்ததே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை. ரோஸியின் தோலுக்கு இப்போது என்ன நடக்கிறது என்பதற்கான துப்பு அதில்தான் இருக்கிறது. விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை: அந்த ஆயின்மென்ட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ட்யூபைத் தூக்கிப் போடவேண்டாம், எடுத்து வையுங்கள்.

குஷிங் நோய் தானாக அரிக்காது. கேட்க விநோதமாக இருக்கும். தோல் இவ்வளவு கெட்டுப்போயிருக்கும்போது அரிக்காமல் எப்படி இருக்கும் என்று தோன்றும். நம் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் என்ற சின்னச் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது உடம்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் ஸ்டீராய்டு. நாய்க்கும் அப்படித்தான். குஷிங்கில் அந்தக் கார்டிசால் அளவுக்கு மீறி ஊறிக்கொண்டே இருக்கும். பத்து நாய்களில் எட்டுக்கும் மேல் இதற்குக் காரணம் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் ஒரு சிறு கட்டி. மீதி நாய்களுக்கு அட்ரீனலிலேயே கட்டி. 1932இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் மனிதர்களிடம் விவரித்த நோய்தான் இது. அவர் பெயரே நாய்க்கும் நிலைத்துவிட்டது.

ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடமாக ரோஸியின் உடம்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊறிக்கொண்டிருந்தது. அதனால் உண்ணி கடித்தாலும், தோலில் கிருமி வளர்ந்தாலும் அவளுக்கு அரிப்பே தெரிந்திருக்காது. இப்போது கேப்சூல் அந்தக் கார்டிசாலைக் குறைத்துவிட்டது. மூடியிருந்த பானையைத் திறந்த மாதிரி, உள்ளே இருந்ததெல்லாம் இப்போது வெளியே தெரிகிறது. ஆகவே அரிப்பு வந்ததால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குடிப்பது குறைந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து வேலை செய்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் அரிப்பு எதிலிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்தே ஆகவேண்டும்.

அந்த ஆயின்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு நாளில் சட்டென்று அடங்கி, பிறகு இரண்டு மடங்காகத் திரும்பியது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ட்யூபின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இவை படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் என்று நம் ஊரில் சர்வசாதாரணமாக விற்கும் கலவை கிரீம்களில் இருப்பவை. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. இன்றும் வாயால் கேட்டால் கிடைத்துவிடுகிறது. உள்ளே எந்தப் பொருள் அதிகமானதால் ரோஸியின் தோல் கெட்டதோ, அதையே நீங்கள் வெளியிலிருந்து தடவியிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் இனி எந்த டாக்டர், எந்தக் கம்பவுண்டர் ஊசி போட வந்தாலும் முதல் வார்த்தையாக "இவளுக்குக் குஷிங் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அரிப்புக்கு என்று போடும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் எல்லாம் அதே ஜாதிதான். காதுக்கு விடும் சொட்டு மருந்துகள் பலவற்றிலும் இது கலந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன், கீழக்கரைப் பக்கமிருந்து ஒரு டாக்ஸண்ட் நாயைக் கொண்டுவந்தார்கள். பானை வயிறு, வழுக்கை, கரும்புள்ளி என்று பார்த்தவுடன் குஷிங் என்று சொல்லும்படியான உடம்பு. கடைசியில் பார்த்தால், காதுச் சீழுக்கு என்று எட்டு மாதமாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். நோயே அதனால் வந்ததுதான். அதை நான் முதல் தடவையே கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் கேட்டேன். அன்றிலிருந்து வீட்டில் மனிதர்கள் தடவும் கிரீம் வரை கேட்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஈர உடுப்போடு கிடந்து தொடை இடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். அவர் கிரீம் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது ரோஸி காலை நக்குகிறாளா? அந்த வழியிலும் ஸ்டீராய்டு உள்ளே போகும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்து வந்த நாய்க்குப் படக்கென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் நாய் மயங்கி விழுந்துவிடும். ரோஸிக்கு அந்தக் கவலை இல்லை, கொஞ்ச நாள்தான் தடவியிருக்கிறீர்கள்.

சரி, அரிப்பைத் தேடுவோம்.

வயிற்றில் இருக்கும் சீழ்க் கொப்புளம் பாக்டீரியா தொற்று. கார்டிசால் அதிகமானால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். தோலில் எப்போதும் சும்மா இருக்கும் கிருமியே சீழ் வைக்கும். கரும்புள்ளி என்பது மயிர்க்கால் அடைத்துக்கொண்டது. வயசுப் பிள்ளைகளுக்கு மூக்கில் வருகிறதே, அதே மாதிரி. அதைப் பிதுக்காதீர்கள். அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் நடுவே முகர்ந்து பாருங்கள்: புளித்த மாவு மாதிரி வாடை, பிசுபிசுப்பு, பழுப்பு நிறம் இருந்தால் ஈஸ்ட் பூஞ்சையும் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது, டெமொடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பெரும்பாலும் குட்டி நாய்களுக்கு வருவது இது. பத்து வயதில் ஒரு நாய்க்குப் புதிதாக வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவதே குஷிங்கைத்தான்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பெரிய ஊருக்குப் போகவேண்டியதில்லை. நுண்ணோக்கி இருக்கிற எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் முடியும். சீழ் இடத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை ஒற்றியெடுத்துச் சாயம் போட்டால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தெரிந்துவிடும். பூச்சிக்கு, தோலை ரத்தம் லேசாகக் கசியும் வரை பிளேடால் சுரண்டிப் பார்க்கவேண்டும். பார்க்கிற உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், அவள் தாங்கிக்கொள்வாள். ரோஸியின் தோல் மெலிந்திருப்பதால் மெதுவாகச் சுரண்டச் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனை இல்லாமல் "அலர்ஜி" என்று ஊசி போட்டால் சம்மதிக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், சாதாரணமாக மூன்று வாரம் வரை போகும். ஒரு வாரத்தில் கொப்புளம் காய்ந்துவிட்டது என்று நிறுத்தினால் அடுத்த முறை அதே மருந்து கேட்காது. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்து எது கேட்கும் என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்கவேண்டும். அதோடு சர்க்கரையும் சிறுநீரும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். குஷிங் நாய்களில் சிலவற்றுக்குச் சர்க்கரை நோயும் கூடவே வரும். அது இருந்தால் புண் ஆறவே ஆறாது.

பிடரியில் இருக்கும் கல் மாதிரி இடம்தான் எனக்கு அதிகக் கவலை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது தோலில் சுண்ணாம்பு படிவது. கால்சியம் தோலுக்குள் உறைந்துபோய்விடுகிறது. விரல் நுனியால் லேசாக, கையுறையோடு, தடவிப் பாருங்கள். கருவாட்டின் மேல் உப்புப் பூத்திருக்குமே, அந்த நறநறப்பு தோலுக்கு அடியில் தட்டுப்படும். பக்கத்தில் தோல் சிவந்து, நடுவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புள்ளிகள் தெரியும். சில இடத்தில் வெடித்துச் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெளியே வரும். உடம்பு அதை வேண்டாத பொருளாக நினைத்துத் தள்ளப் பார்க்கிறது. அந்தப் போராட்டத்தில்தான் வீக்கமும் நீர் வடிவதும் அரிப்பும். குஷிங் தோலில் வருகிற கோளாறுகளில் கடுமையாக அரிப்பது இதுதான்.

இதை நகத்தால் பெயர்க்காதீர்கள். ஊறவைத்து உரிக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். கீழே இருக்கும் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது, அதோடு சேர்ந்து கிழிந்து வரும். இதற்கான முதல் மருந்து நீங்கள் கொடுக்கும் அதே கேப்சூல்தான். கார்டிசால் கட்டுக்குள் வந்தால் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாதக்கணக்கில் ஆகும், ஆரம்பத்தில் கொஞ்சம் மோசமாவது போலவும் தெரியலாம், சில இடம் தழும்பாகவே நின்றுவிடும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற ஜெல்லைச் சில மருத்துவர்கள் தடவச் சொல்வார்கள். அது தோல் வழியே நேராக ரத்தத்துக்குள் போகிற பொருள், கையில் பட்டால் நம் உடம்புக்குள்ளும் போய் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. சின்ன இடத்தில்தான் தடவவேண்டும், இடையிடையே ரத்தத்தில் கால்சியம் பார்க்கவேண்டும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நீங்களாக வாங்கித் தடவும் மருந்து அல்ல. இன்னொன்று: சுறா எண்ணெய், மீன் ஈரல் எண்ணெய் எதையும் சத்துக்கு என்று கொடுத்துவிடாதீர்கள். அதில் வைட்டமின் டி அதிகம், அது கால்சியத்தை ஏற்றிவிடும். சூடை, சாளை மாதிரி மீனை உப்பும் புளியும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பதில் தவறில்லை. கருவாடு மட்டும் கூடாது.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லவேண்டும், ஏனென்றால் தோல் தேறுவதில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது, அதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

கடல் குளியல் வேண்டாம். முழுத் தோல் உள்ள நாய்க்குக் கடல்நீர் ஒன்றும் செய்யாது. ரோஸிக்கு இருப்பது முழுத் தோல் இல்லை. உப்பு காய்ந்து பரலாகி மெல்லிய தோலை உரசும், மணல் புண்ணில் ஒட்டும், உப்பை நக்கி நக்கித் தாகம் கூடும். எரிந்த எஞ்சின் ஆயிலைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. சொறி பிடித்த நாய்க்கு அதை ஊற்றுவது நம் கடற்கரை ஊர்களில் இன்னும் நடக்கிறது. தோல் வெந்துபோகும். நாய் தன் உடம்பை நக்கி அதை விழுங்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். மெலிந்த தோல் வழியாக இன்னும் வேகமாக உள்ளே போகும். அதேபோல ஆடு மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, மண்ணெண்ணெய், டெட்டால் எதுவும் அவள் மேல் படக் கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமா என்று கேட்பீர்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை, ஆனால் அந்தப் பற்று காய்ந்து ஓடாகி அடியில் சீழைப் பூட்டி வைத்துவிடும். டாக்டர் பார்க்கும்போது மஞ்சளுக்கு அடியில் எதுவும் தெரியாது.

குளோர்ஹெக்சிடின் இரண்டு முதல் நான்கு சதவீதம் உள்ள நாய் ஷாம்பு கேளுங்கள். ஈஸ்ட்டும் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் மைக்கோனசோல் சேர்ந்தது வாங்கவேண்டும். ராமேஸ்வரம் தீவில் உங்கள் போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். முதலில் நனைப்பதற்கு அது போதும் என்று நினைப்பீர்கள், வேண்டாம். இரண்டு வாளி நல்ல தண்ணீர் இதற்கென்று ஒதுக்குங்கள். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய செலவு என்று தெரிந்தேதான் கேட்கிறேன். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டு அதன் மேல் இந்த ஷாம்பு போடாதீர்கள், சோப்பு மிச்சம் இருந்தால் இந்த மருந்து வேலை செய்யாது. உள்ளங்கையால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். நகம், நார், பிரஷ் எதுவும் கூடாது. நுரை உடம்பில் பத்து நிமிடம் ஊறவேண்டும். மனக்கணக்கு வேண்டாம், கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் ஊற்றிக் கழுவிவிட்டு ஷாம்பு சரியில்லை என்கிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், நக்கவிடாதீர்கள். அப்புறம் வழுவழுப்பு போகும் வரை அலசி, பழைய வேட்டியால் ஒற்றி எடுங்கள், தேய்த்துத் துடைக்கவேண்டாம். அக்குளும் விரல் நடுவும் ஈரமாக விடாதீர்கள். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு தோலைப் பார்த்து வாரம் ஒருமுறை. நடுவில் நீர் வடிந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றிவிட்டால் போதும்.

அவள் படுக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் மீனவர் வீட்டு நாய் எங்கே படுக்கும் என்று எனக்குத் தெரியும்: வலைக் குவியலில். நிழலாக இருக்கும், மெத்தென்று இருக்கும், மீன் வாசம் வேறு. உப்பேறிக் காய்ந்த நைலான் கண்ணி ஒவ்வொன்றும் ரோஸியின் தோலுக்கு ரம்பம் மாதிரி. முழங்கையிலும் விலாவிலும் கோடு கோடாகச் சிராய்ப்பு இருந்தால் காரணம் அதுதான். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துத் தனியாக விரியுங்கள், தினமும் மாற்றி வெயிலில் காயவையுங்கள். சீமைக் கருவேலம் இருக்கிற பக்கம் நடக்க விடாதீர்கள். மற்ற நாய்க்கு ஒரு முள் கீறல் மூன்று நாளில் ஆறும், இவளுக்கு மூன்று வாரம் ஆகும். பிடரியில் புண் இருக்கும்வரை கழுத்துப்பட்டை வேண்டாம். மார்பைச் சுற்றிக் கட்டும் அகலமான துணிப்பட்டை போதும், அக்குளில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டாலோ ரத்தம் எடுத்தாலோ அந்த இடத்தை ஐந்து நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் கன்றிப் போகும்.

முடியில்லாத வெள்ளை நாய்க்கு நம் ஊர் வெயில் நேராகத் தோலில் அடிக்கிறது. காலை ஏழு மணிக்குள் நடந்து வந்துவிடுங்கள். குழந்தைகளின் பழைய பருத்திப் பனியன் ஒன்றை லூசாக மாட்டிவிட்டால் வெயிலுக்கும் ஆகும், சொறிவதற்கும் தடுப்பு, ஈயும் உட்காராது. தினமும் துவைத்தது போடவேண்டும். ஈ விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். நீர் வடியும் புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் பிடரியையும் வாலின் அடியையும் விலக்கிப் பாருங்கள். புழு தெரிந்தால் டர்பன்டைன் ஊற்றாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

தண்ணீரை மட்டும் ஒருபோதும் அளந்து வைக்காதீர்கள். எவ்வளவு குடிக்கிறாள் என்று அளந்து பார்ப்பது வேறு, அது நல்லது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து அதிலிருந்தே ஊற்றுங்கள், மறுநாள் காலையில் எவ்வளவு போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு நூறு மில்லிக்கு மேல் போனால் அதிகம். ரோஸிக்கு அது தொள்ளாயிரம் மில்லி. மறுபடி அந்த அளவைத் தாண்டினால் மருந்தின் அளவை டாக்டர் மறுபடி பார்க்கவேண்டும். தோல் சொல்வதற்கு முன்பே தண்ணீர் சொல்லிவிடும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். குஷிங் ஒட்டாது, டெமொடெக்ஸ் பூச்சியும் மனிதருக்கு வராது. வேறு வகைச் சொறிப்பூச்சியோ படர்தாமரைப் பூஞ்சையோ இருந்தால் ஒட்டும். சுரண்டிப் பார்க்கும்போதே அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மகள் ரோஸியைக் குளிப்பாட்டவோ மடியில் வைத்துக்கொள்ளவோ வேண்டாம், மற்றவர்கள் தொட்டபின் கைகழுவினால் போதும். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் இதைவிட முக்கியம். அந்தக் கேப்சூலை உங்கள் மகள் தொடவே கூடாது. ட்ரைலோஸ்டேன் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து. கர்ப்பிணிகள் கையாளக் கூடாது. நீங்களே கொடுங்கள், கொடுத்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கேப்சூலைத் திறந்து சோற்றில் கொட்டுகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். முழுசாகச் சாப்பாட்டு உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள். கீழே துப்பினாளா என்று பாருங்கள், மகள் வெறுங்கையால் எடுத்துப் போட்டுவிடக் கூடாது.

எப்போதும் சாப்பாட்டோடுதான் கொடுக்கவேண்டும். ஒருநாள் காலை அவள் சாப்பிடவில்லை என்றால் அன்று கேப்சூல் கொடுக்காதீர்கள். சாப்பிடாததோடு வாந்தி, பேதி, நடுக்கம், எழுந்து நிற்க முடியாத சோர்வு என்று எதுவாவது சேர்ந்தால் கார்டிசால் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டிருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே, ராத்திரியானாலும், டாக்டரிடம் போகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை.

முடி முளைக்கும். ஆனால் அது வரிசையில் கடைசி. தாகமும் பசியும் சில வாரங்களில் குறையும், தோலும் முடியும் தேற மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகும். நடுவில் பழைய முடி இன்னும் கொட்டும். புது முடிக்கு இடம் விடத்தான் அது, பயப்படவேண்டாம். புதிதாக வருவது வேறு நிறத்திலோ குட்டி நாயின் பஞ்சு முடி மாதிரியோ இருக்கலாம். ஆறு மாதம் தாண்டி, தோலெல்லாம் நன்றாகி, உடம்பு மட்டும் வழுக்கையாகவே இருந்தால் தைராய்டு பார்க்கவேண்டும். பொமரேனியன் ஜாதிக்கென்றே வருகிற ஒரு முடி உதிர்வும் உண்டு. அதில் முடி மட்டும்தான் போகும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

மதுரையில் மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பத்து, பதினான்கு நாளில் ஒன்று, நான்காவது வாரத்தில் ஒன்று என்று ரத்தப் பரிசோதனை செய்திருக்கவேண்டும். நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாளில் பட்டினியாகக் கூட்டிப் போகாதீர்கள். வழக்கம்போல் சாப்பாட்டோடு கேப்சூல் கொடுத்து, கொடுத்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்கவேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி மதுரை போய்ச் சேர நேரம் ஆகும் என்பதால், வீட்டிலிருந்து கிளம்பும்போது கொடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். எந்த நேரம் கொடுப்பது என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள். கேப்சூல் தீர்வதற்குப் பத்து நாள் முன்பே அடுத்ததற்குச் சொல்லி வையுங்கள், ஒருநாளும் இடைவெளி விழக் கூடாது.

போகும்போது தண்ணீர்க் கணக்கு எழுதிய தாள், பிடரியை ஒரே இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை எடுத்த போட்டோக்கள், அப்புறம் நான் எடுத்து வைக்கச் சொன்ன அந்த ஆயின்மென்ட் ட்யூப், மூன்றையும் கொண்டுபோங்கள். ட்யூபின் பின்பக்கம் இருக்கும் பெயரை டாக்டர் படிக்கவேண்டும்.